‘தாவீதின் மகன்’ என்ற பட்டத்தை ஒரு வகுப்பில் படிப்பிப்பது எப்படி

இயேசுவுக்கு வழங்கும் ‘தாவீதின் மகன்’ என்ற பட்டத்தைப் படிப்பிக்க, குருத்தோலை ஞாயிறுக்கு முந்திய வாரம் தோதானது. அடுத்த ஞாயிறே ‘தாவீதின் மகனுக்கு ஓசன்னா’ என்று பிள்ளைகள் பாடப் போகிறார்கள். சாதாரண தர வயதுப் பிள்ளைகளுக்கு 75 நிமிடம் காணும். ஆளுக்கொரு விவிலியம், ஒரு பிரிஸ்டல் போட், இரண்டு நிற மாக்கர் தேவை. கத்தோலிக்க, மெதடிஸ்த பிள்ளைகள் சேர்ந்திருக்கும் வகுப்பென்றால் அவரவர் விவிலியத்தில் வரும் ‘மகன்’, ‘குமாரன்’ இரண்டையும் பலகையில் எழுதிவிட்டு மேலே போங்கள்.

அதிகம் நடக்கும் பிழை, பெத்லகேமிலோ மத்தேயுவின் வம்ச அட்டவணையிலோ தொடங்குவது. அப்படித் தொடங்கினால் பட்டம் வெறும் பரம்பரைக் குறிப்பாகிவிடும். 2 சாமுவேல் 7:8-16இல் தொடங்குங்கள். இஸ்ரயேலின் அரசர் தாவீது கடவுளுக்கு வீடு, அதாவது கோவில், கட்டப் பார்க்கிறார். கடவுளோ, இறைவாக்கினர் நாத்தான் வழியாக, ‘நான் உனக்கு வீடு கட்டுவேன்’ என்கிறார். அந்த வீடு, என்றும் நிலைக்கும் அரச வம்சம். 14ஆம் வசனத்தில் ‘அவன் எனக்கு மகனாய் இருப்பான்’ என்று வரும் இடத்துக்குக் கீழே கோடு போடச் சொல்லுங்கள். கடைசியில் அது தேவைப்படும்.

வாக்குறுதியை வாசித்த கையோடு அது முறிந்த இடத்தையும் வாசிக்க வேண்டும். பலர் தாண்டிப் போகும் படி இது. கி.மு. 587 அளவில் பாபிலோனியர் எருசலேமைப் பிடித்தார்கள். தாவீதின் அரியணையில் கடைசியாக இருந்த செதேக்கியாவின் கண் முன்னே அவர் பிள்ளைகளை வெட்டி, பிறகு அவர் கண்களைப் பிடுங்கினார்கள் (2 அரசர் 25:7). உடனே திருப்பாடல் 89ஐ எடுங்கள். முற்பாதி வாக்குறுதியைப் பாடும். 38ஆம் வசனத்திலிருந்து அது கடவுளோடு வழக்காடலாக மாறும். முற்பாதியை ஒரு பிள்ளையும் பிற்பாதியை இன்னொரு பிள்ளையும் வாசித்தால் மாற்றம் நன்றாக விளங்கும். பிறகு கொஞ்சம் பொறுங்கள். உடனே விளக்கம் சொல்ல வேண்டாம்.

இறைவாக்கினர்களை விரைவாகக் கடக்கலாம்: எசாயா 11:1, எரேமியா 23:5, எசேக்கியேல் 34:23. வெட்டுண்ட அடிமரம்போல் ஆன தாவீதின் வம்சத்திலிருந்து தளிர்போல் ஓர் அரசர் வருவார் என்ற எதிர்பார்ப்பு தெரிந்தால் போதும். கி.மு. 63இல் ரோமைத் தளபதி பொம்பே எருசலேமைப் பிடித்ததற்குப் பின் எழுந்த ‘சாலமோனின் திருப்பாடல்கள்’ என்ற யூத நூலின் 17ஆம் பாட்டு, ‘தாவீதின் மகன்’ வந்து அந்நியரை எருசலேமிலிருந்து துரத்த வேண்டும் என்று வேண்டுகிறது. இயேசுவின் காதில் இந்தப் பட்டம் விழுந்தபோது கூட்டத்தின் மனதில் என்ன இருந்தது என்பதை இது காட்டும்.

இனி அரை மணித்தியாலத்தை மத்தேயுவுக்குக் கொடுங்கள். பிரிஸ்டல் போட்டில் ஒரே கேள்வி: இந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது யார்? 9:27இல் பார்வையற்றோர் இருவர். 15:22இல் கானானியப் பெண். 20:30இல் எரிகோவில் மறுபடியும் பார்வையற்றோர். 21:15இல் கோவிலுக்குள் சிறுபிள்ளைகள். 12:23இல் கூட்டம் ‘இவரோ?’ என்று ஐயத்தோடு கேட்கிறது. தலைமைக் குருக்களோ கோபப்படுகிறார்கள். பட்டியலைப் பிள்ளைகளே நிரப்பட்டும். பிறகு 21:14ஐயும் 2 சாமுவேல் 5:8ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். தாவீது எருசலேமைப் பிடித்த நாளோடு ஒட்டிய சொல், பார்வையற்றோரும் முடவரும் வீட்டுக்குள் வரக்கூடாது என்பது. தாவீதின் மகன் நகருக்குள் வந்ததும் கோவிலில் அவரிடம் வந்து குணம் பெற்றவர்கள் அதே ஆட்கள்தான். இந்த அரசர் என்ன செய்யும் அரசர் என்பதற்கு இதைவிட நல்ல இடம் எங்கள் கையில் இல்லை. செதேக்கியாவின் கண்ணையும் இதோடு முடிச்சுப் போட யாராவது முயன்றால் தடுக்க வேண்டாம். ஆனால் நற்செய்தியாளர் அப்படித்தான் நினைத்தார் என்று நீங்கள் அடித்துச் சொல்லவும் வேண்டாம்.

மட்டக்களப்பு, அம்பாறை வகுப்புகளில் ஒரு கேள்வி நிச்சயம் வரும்: ‘யோசேப்பு பெற்ற தகப்பன் இல்லையென்றால் இயேசு எப்படித் தாவீதின் வழி?’ இங்கே குடி, அதாவது குலப் பிரிவு, தாய்வழியாக வருவதால், ‘மரியாவின் குடிதான்’ என்று பிள்ளைகளே விடை சொல்லிவிடுவார்கள். மரியாவும் தாவீதின் வழியே என்று பழைய திருச்சபைத் தந்தையர் சொன்னதுண்டு. ஆனால் நற்செய்திகள் பிடிப்பது யோசேப்பின் வழியை. மத்தேயு 1:20இல் தூதர் யோசேப்பையே ‘தாவீதின் மகனே’ என்று கூப்பிடுகிறார். 1:25இல் பெயர் வைப்பதும் அவர்தான். பெயர் வைத்ததால் பிள்ளை சட்டப்படி அவர் பிள்ளை. நம்மூர் கணக்கை அந்த ஊர்க் கணக்கில் போட்டால் விடை பிழைக்கும்.

எண்ணிப் பார்க்கும் பிள்ளை ஒன்று, மத்தேயு தன் வம்ச அட்டவணையில் தொகுதிக்கு 14 தலைமுறை என்று மூன்று தொகுதி சொன்னாலும், மூன்றாம் தொகுதியில் 13 பெயர்தான் உண்டு என்று பிடிக்கும். இரண்டாம் தொகுதியின் கடைசிப் பெயரான எக்கோனியாவை மறுபடி சேர்த்தால் 14 ஆகும். இரண்டாம் தொகுதியில் மூன்று அரசர்கள் விடப்பட்டும் இருக்கிறார்கள். எபிரேயத்தில் ஒவ்வோர் எழுத்துக்கும் எண் மதிப்பு உண்டு; தாவீது என்ற பெயரின் எழுத்துகளுக்கு 4+6+4 என்று 14 வருவதையும் சொல்லலாம். ஐந்து நிமிடத்துக்கு மேல் இதில் நிற்காதீர்கள். எண் விளையாட்டில் வகுப்பு போய்விடும்.

கடைசிப் படி, மத்தேயு 22:41-46. யூதர் எதிர்பார்த்த மீட்பரான மெசியா தாவீதின் மகனென்றால், திருப்பாடல் 110இல் தாவீதே அவரை ‘ஆண்டவர்’ என்பது எப்படி? இயேசு பட்டத்தை மறுக்கவில்லை, அது போதாது என்கிறார். இங்கே ‘தாவீதின் மகன் என்றால் மனித இயல்பு, இறைமகன் என்றால் இறை இயல்பு’ என்று இரண்டாகப் பிரித்து எழுதும் பழக்கம் உண்டு. அதைத் தவிருங்கள். கோடு போட்ட 2 சாமுவேல் 7:14ஐத் திருப்பிப் பார்த்தால், கடவுளின் மகன் என்பதும் முதலில் தாவீதின் வாரிசான அரசருக்குரிய பேர்தான். உரோமையர் 1:3-4 அந்தப் பேருக்கு உயிர்த்தெழுதலால் வந்த கனத்தைக் காட்டுகிறது.

முடியும்போது ஆளுக்கொரு வாக்கியம் எழுதச் சொல்லுங்கள்: ‘தாவீதின் மகன் என்றால்...’ ‘தாவீதின் பரம்பரையில் பிறந்தவர்’ என்று மட்டும் வந்தால் 89ஆம் திருப்பாடல் ஏறவில்லை. ‘பெரிய ராசா’ என்று வந்தால் மத்தேயு 21:14ஐ அடுத்த வகுப்பில் மறுபடி எடுங்கள்.