ஒரே ஆள், பல வேடம்: அலெக் கின்னஸின் வழியும் நம் ஊர் மேடையும்

குமரி மாவட்டத்தில் பங்குத் திருவிழாவுக்கோ கோயில் கொடைக்கோ ஊர்க்காரர்களே நாடகம் போடும்போது முதலில் இடிப்பது ஆள் கணக்கு. கதையில் பதினான்கு பாத்திரம் இருக்கும்; ஒத்திகைக்குத் தவறாமல் வரக்கூடியவர்கள் ஆறேழு பேர் தேறுவார்கள். மற்றவர்கள் வளைகுடாவிலோ கேரளத்திலோ வேலையில் இருப்பார்கள். ஒருவரே மூன்று வேடம் கட்டவேண்டி வரும். அதை ஆள் இல்லாத குறைக்கு ஒட்டுப்போடுகிற வேலையாகச் செய்யாமல், பார்க்கிறவர்கள் ரசிக்கிற கலையாகவே செய்ய முடியும். அதற்கு நல்ல ஆசான் பிரிட்டிஷ் நடிகர் அலெக் கின்னஸ்.

1914 ஏப்ரல் 2இல் லண்டனில் பிறந்தவர். விளம்பர நிறுவனத்தில் வாசகம் எழுதும் வேலையில் இருந்து மேடைக்கு வந்தார். 1934இல் பிரபல மேடை நடிகர் ஜான் கீல்குட் தம் 'ஹாம்லெட்'டில் ஆஸ்ரிக் என்ற சிறு வேடம் கொடுத்தார். நான்கே ஆண்டில், 1938இல், லண்டனின் ஓல்ட் விக் நாடகக் குழு இக்கால உடையில் நடத்திய 'ஹாம்லெட்'டில் கின்னஸே நாயகன். இரண்டாம் உலகப் போரின்போது கடற்படையில் சேர்ந்து, 1943இல் சிசிலித் தரையிறக்கத்தில் ஒரு படகுக்குத் தலைமை தாங்கினார். திரும்பி வந்ததும் சினிமா. 1949இல் வந்த 'கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கோரனட்ஸ்' படத்தில் ஒரே பிரபுக் குடும்பத்தின் எட்டுப் பேராக வந்தார். தயாரித்தவர்கள் முதலில் அவருக்குத் தர நினைத்தது நான்கு வேடம். எட்டையும் தாமே செய்கிறேன் என்று கேட்டு வாங்கியவர் அவர். பாதிரியார், வங்கிக்காரர், கடற்படைத் தளபதி, தரைப்படைத் தளபதி, ஒரு சீமாட்டி என எட்டும் எட்டு விதம். 'நவராத்திரி'யில் சிவாஜி ஒன்பது வேடம் கட்டியது 1964இல். இது அதற்குப் பதினைந்து ஆண்டு முந்தியது.

அவருடைய வேலையில் நமக்கு வேண்டிய பாடம் ஒன்று உண்டு. 1948இல் 'ஆலிவர் ட்விஸ்ட்' படத்தில் ஃபேகின் என்ற யூதத் திருட்டுக் கும்பல் தலைவனாக வந்தபோது முகம் முழுக்க ஒப்பனை, பெரிய ஒட்டு மூக்கு. 1979இல் பிபிசி தொடரில் உளவுத்துறை அதிகாரி ஜார்ஜ் ஸ்மைலியாக வந்தபோது ஒரு மூக்குக்கண்ணாடி, ஒரு மேல்கோட்டு, அவ்வளவுதான். இரண்டு பேரும் ஒரே ஆள் என்று நம்ப முடியாது. அந்த வேறுபாட்டில் பாதிக்கு மேல் நடையிலும் மூச்சிலும் இருக்கிறது. ஊர் மேடையில் நம்மவர்கள் செய்வது தலைகீழ்: முதலில் மீசையைத் தேடுவார்கள், நடையைப் பற்றி அரங்கேற்றத்தன்றுதான் யோசிப்பார்கள்.

எத்தனை வேடம் தாங்கும்

பிரதியை எடுத்துக்கொண்டு ஒரு சார்ட் தாளில் கட்டம் போடுங்கள். காட்சி எண், எந்த வேடம், எந்தப் பக்கம் வெளியேறுகிறார், எந்தப் பக்கம் நுழைகிறார், இடையில் எத்தனை வினாடி. இந்தக் கடைசிக் கட்டம்தான் எல்லாவற்றையும் முடிவு செய்யும். தோளில் துண்டும் கண்ணாடியும் மட்டும் மாறினால் 15 வினாடி போதும். சட்டையும் வேட்டியும் மாற ஒரு நிமிடம். ஒட்டு மீசை வைக்க மூன்று நிமிடத்துக்குக் குறைந்தால் நம்பாதீர்கள். இடது பக்கம் போனவர் வலது பக்கமாக வரவேண்டும் என்றால் திரைக்குப் பின்னால் ஓடும் நேரத்தையும் சேர்க்க வேண்டும். பல பந்தல் மேடைகளில் பின்னால் வழியே இருக்காது, கீழே இறங்கிச் சுற்றி வரவேண்டியிருக்கும்.

நேரம் பற்றாத இடத்தில் ஒரு பாட்டையோ இன்னொருவரின் தனி வசனத்தையோ நுழையுங்கள். ஒருவருக்கு மூன்று வேடம் நல்ல அளவு. நான்கைத் தாண்டினால் வசனம் குழம்பத் தொடங்கும்.

நடை

'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' படத்துக்குக் கின்னஸ் ஆஸ்கார் வாங்கினார். படம் பிடித்தது இலங்கையில். கதை நடப்பது இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில் பாதையில். மலேயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் ஆயிரக்கணக்கில் மாண்ட பாதை அது. படம் அவர்களைப் பற்றிப் பேசுவதில்லை என்பதை நாம் மறக்கக் கூடாது. அந்தப் படத்தில் கின்னஸின் வேடமான, போர்க்கைதியாக இருக்கும் கர்னல் நிக்கல்சன் தகரக் கொட்டடிச் சிறையிலிருந்து வெளியே வரும் காட்சியைப் பாருங்கள். கால் சொன்னபடி கேட்கவில்லை. முதுகு மட்டும் பட்டாளத்து மிடுக்கை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. போலியோவிலிருந்து தேறிக்கொண்டிருந்த தம் மகன் மேத்யூவின் நடையே தம்மை அறியாமல் அங்கே வந்துவிட்டது என்று கின்னஸ் பின்னாளில் சொன்னார். தெரிந்த ஒருவரின் உடம்பைக் கவனித்து உள்ளே வைத்திருந்தால் அது வேண்டிய நேரத்தில் வந்து நிற்கும்.

செய்முறை இதுதான். ஒவ்வொரு வேடத்துக்கும் முதலில் காலணியைத் தீர்மானியுங்கள்: ரப்பர் செருப்பு, தோல் செருப்பு, ஷூ, வெறுங்கால். ஒத்திகையின் முதல் நாளிலிருந்தே அதைப் போட்டு நடக்க வேண்டும். அடுத்து, உடம்பில் எந்த இடம் முன்னால் போகிறது என்று தேர்ந்தெடுங்கள். நெஞ்சு முன்னே போனால் அதிகாரம், வயிறு முன்னே போனால் வசதி, தாடை முன்னே போனால் அவசரம், முழங்கால் முன்னே போனால் முதுமை. இரண்டு வேடத்துக்கு ஒரே இடம் வரக் கூடாது. வசனம் பேசாமல் ஒவ்வொரு நடையிலும் பத்து நிமிடம் முற்றத்தில் நடங்கள், பிறகு அந்த நடையிலேயே உட்காருங்கள், தண்ணீர் குடியுங்கள், கைலி மடித்துக் கட்டுங்கள். கடைசியில், குழுவில் ஒருவர் கை தட்டும்போதெல்லாம் அடுத்த வேடத்தின் நடைக்கு மாற வேண்டும். மாற்றம் இரண்டு அடிக்குள் நடந்தால் தேறிவிட்டது.

முதியவர் வேடத்தில் வழக்கமாக வரும் கோளாறு, இடுப்பை வளைத்துக் கோலூன்றிக் கை நடுங்குவது. வயதானவர்கள் நடுங்க முயல்வதில்லை, விழாமல் இருக்கத்தான் முயல்கிறார்கள். பாதத்தைச் சற்று அகட்டி வையுங்கள். எழுவதற்கு முன் கையை எங்கே ஊன்றலாம் என்று கண்ணால் தேடுங்கள். அந்த ஒரு பார்வையே எழுபது வயதைக் கொடுத்துவிடும். இன்னொன்று: பலகை மேடையில் அடி வைக்கும் சத்தம் மைக்கில் கேட்கும். அதை மறைக்காமல் பயன்படுத்தலாம். கனத்த அடி ஒருவருக்கு, சத்தமே இல்லாத அடி இன்னொருவருக்கு.

குரல்

இதற்கு லண்டன் வரை போகவேண்டியதில்லை. கொடை விழாவில் வில்லுப்பாட்டுப் புலவர் வீசுகோலால் வில்லைத் தட்டிக்கொண்டே ராசாவாகவும் தாயாகவும் சுடலையாகவும் பேசுகிறார். தோல்பாவைக்கூத்தில் திரைக்குப் பின்னால் இருக்கும் ஒருவரே அத்தனை பாவைக்கும் குரல் கொடுக்கிறார். இருவரும் தொண்டையை நெரிப்பதில்லை. வேகத்தையும் மூச்சு விடும் இடத்தையும் மாற்றுகிறார்கள். தொண்டையை இறுக்கிக் கீச்சென்றோ கரகரவென்றோ பேசினால் அரை மணி நேரத்தில் குரல் போய்விடும், மறுநாள் காட்சிக்கு ஆள் இருக்கமாட்டார்.

ஆகவே வேடத்துக்கு ஒரு வேகம், வேடத்துக்கு ஒரு மூச்சு. வீட்டை விற்கிற ஒரு காட்சி என்று வையுங்கள். பாட்டா (தாத்தா) பேசுகிறார்: "விக்கணும்னு… தோணிப்போச்சு மக்கா." நடுவில் மூச்சு, கடைசிச் சொல் இறங்குகிறது. தரகர் பேசுகிறார்: "நல்ல வெலயாக்கும் அண்ணாச்சி, இப்ப விட்டா பின்ன கெடைக்காது." ஒரே மூச்சு, கடைசிச் சொல் ஏறுகிறது. இரண்டையும் ஒரே ஆள், ஒரே சுருதியில் பேசினாலும் வேறு வேறு ஆளாகத்தான் கேட்கும். நாகர்கோவில் பேச்சு, மலையாளம் கலந்த விளவங்கோட்டுப் பேச்சு, கடற்கரைப் பேச்சு என்று நம் மாவட்டத்திலேயே வேடத்துக்கு ஒன்று கிடைக்கும். ஆனால் அந்தந்த ஊர்க்காரர் ஒருவரிடம் வசனத்தைச் சொல்லிக் காட்டித் திருத்திக்கொள்ளாமல் மேடையேற்றாதீர்கள். சிரிப்புக்காக மட்டும் கடற்கரைப் பேச்சை இழுப்பதை அறவே விட்டுவிடுங்கள்.

பெண் வேடமானால் குரலை உயர்த்த வேண்டாம். கின்னஸ் அந்தச் சீமாட்டியைச் செய்ததைப் பாருங்கள், கேலி துளியும் இல்லை.

உடை மாற்றம்

அடியில் மெல்லிய கறுப்பு பனியனும் அரைக்கால் சட்டையும் கடைசி வரை கழற்றாமல் இருக்கட்டும். சட்டைப் பொத்தான்களை வெளியே சும்மா தைத்துவிட்டு, உள்ளே பிரஸ் பட்டன் வையுங்கள். வெல்க்ரோ வேகமானதுதான், ஆனால் பிரிக்கும்போது வரும் 'பர்' சத்தம் காலர் மைக்கில் ஊருக்கே கேட்கும். வேட்டிக்கு மட்டும் வெல்க்ரோ வைத்துக்கொண்டு, மாற்றும்போது மைக்கை ஒலிக்காரர் அணைத்துவிட வேண்டும். அதற்கான குறிப்பு அவர் கையிலுள்ள பிரதியில் இருக்க வேண்டும்.

மைக்கின் டிரான்ஸ்மிட்டரை இடுப்பில் எலாஸ்டிக் பட்டைக்குள், பனியனுக்கு உள்ளே வைத்துவிட்டால் உடை மாறும்போது தொட வேண்டியதில்லை. வியர்வை இறங்கிக் கருவி நின்றுபோவது இங்கே அடிக்கடி நடக்கும். சிறிய பிளாஸ்டிக் உறையில் போட்டு வாயைக் கட்டிவிடுங்கள். மைக் முனையைச் சர்ஜிக்கல் டேப்பால் நெஞ்சில் ஒட்டுங்கள், சட்டையில் குத்த வேண்டாம். முட்டம், குளச்சல் போன்ற கடற்கரை ஊர்களில் காற்று மைக்கில் இரையும். பஞ்சு உறை இல்லாமல் போகாதீர்கள். டோப்பாவையும் தொப்பியையும் அதே காற்று தூக்கும் என்பதால் கிளிப் அவசியம்.

உடை மாற்ற இரண்டு பேர் நில்லுங்கள்: ஒருவர் கழற்ற, ஒருவர் மாட்ட. நாற்காலியில் உடைகள் தலைகீழ் வரிசையில், முதலில் வேண்டியது மேலே. செருப்பு போகிற திசை பார்த்து இருக்கட்டும். டார்ச்சின் முகப்பில் நீலக் கண்ணாடித்தாள் ஒட்டினால் வெளிச்சம் முன்னால் தெரியாது. நேரம் பார்த்துப் பத்து முறையாவது மாற்றிப் பழகுங்கள். கிடைக்கும் நேரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குள் முடிந்தால்தான் அரங்கேற்றத்தன்று முடியும்.

ஒப்பனை

வேடம் மாற மாற ஏற்றிக்கொண்டே போகும்படி வரிசை அமையட்டும். துடைத்துவிட்டு மறுபடி போட நேரம் இருக்காது. வெறும் முகத்தோடு வரும் இளைஞன் முதலில், கோடு விழுந்த முகம் கடைசியில். வயதுக் கோட்டுக்குக் கறுப்பு வேண்டாம், பழுப்பு போதும். எல்இடி விளக்கில் கறுப்புக் கோடு மையால் கிறுக்கியதுபோல் தெரியும். தலைக்கு வெள்ளைப் பவுடர் தூவினால் தோளில் உதிர்ந்து அடுத்த வேடத்தைக் காட்டிக்கொடுக்கும். தலைப்பாகையோ டோப்பாவோ நல்லது.

மீசை ஒட்டித்தான் ஆகவேண்டும் என்றால், முந்தின நாளே ஸ்பிரிட் கம் என்ற ஒப்பனைப் பசையை முழங்கையின் உட்புறத்தில் தடவிப் பாருங்கள், சிவந்தால் விட்டுவிடுங்கள். ஒட்டும்போது தோலைத் துடைத்து உலர்த்தி, மெல்லிய பூச்சாகத் தடவி, பசை இழுக்கும் பதம் வரும்வரை விரலால் தட்டி, அப்புறம் ஈரத் துணியால் அழுத்துங்கள். ஈரப் பசையில் உடனே வைப்பதால்தான் பாதி மீசை விழுகிறது. மீதி, வாயோரத்தில் விழுகிறது: சிரிக்கும்போது தோல் மடியும் இடம் வரை மீசை போகக் கூடாது, ஓரத்தைக் கத்தரித்துவிடுங்கள். மெழுகு மூக்கு நம் புழுக்கத்தில் இளகும், வேண்டவே வேண்டாம்.

ஒட்டு மூக்கு என்றதும் ஃபேகின் நினைவுக்கு வரவேண்டும். அந்த மூக்கு யூதர்களை இழிவுபடுத்துகிறது என்று எதிர்ப்புக் கிளம்பி, அமெரிக்காவில் 1951 வரை படம் வெளிவரவில்லை, வந்ததும் வெட்டுகளோடு. 1984இல் 'எ பாசேஜ் டு இந்தியா' படத்தில் முகத்தைக் கறுப்பாக்கிக்கொண்டு இந்தியப் பேராசிரியர் காட்போலேயாக வந்ததும் இன்றுவரை விமர்சிக்கப்படுகிறது. இவ்வளவு பெரிய நடிகருக்கே அங்கே சறுக்கியது. சாதியையோ நிறத்தையோ உடல் ஊனத்தையோ மையால் வரையாதீர்கள்.

இரண்டு வேடமும் ஒரே காட்சியில்

மேடையில் இதற்கு நேர்மையான வழி, ஒரு வேடத்தை உள்ளேயிருந்து குரலாக மட்டும் வைப்பது. உயரம் ஒத்த ஒருவரை முதுகு காட்டி உட்கார வைத்து, குரலை முன்பே பதிவு செய்தும் போடலாம்.

செல்போனில் குறும்படம் எடுப்பவர்களுக்கு வேலை எளிது. எட்டு வேடம் கட்டிய அந்த 1949 படத்தில் ஆறு கின்னஸ்கள் ஒரே சட்டகத்தில் தெரியும் தேவாலயக் காட்சியை ஒளிப்பதிவாளர் டக்ளஸ் ஸ்லோகோம்ப் லென்ஸின் ஒவ்வொரு பகுதியாக மறைத்து, பிலிமைப் பின்னுக்குச் சுற்றிச் சுற்றி, ஒவ்வொரு வேடமாகப் பதிவு செய்தார். கேமரா அசைந்துவிடக் கூடாதென்று இரவில் அதன் பக்கத்திலேயே படுத்தார். இன்று டிரைபாடில் கல் கட்டித் தொங்கவிட்டு, ஃபோகஸையும் வெளிச்ச அளவையும் பூட்டிவிட்டு இரண்டு முறை எடுத்து, எடிட்டிங்கில் நடுவில் பிரித்து ஒட்டினால் போதும். பிரிக்கும் கோட்டை நடிகர் தாண்டக் கூடாது. தரையில் டேப் ஒட்டுங்கள். எதிராளியின் கண் இருக்கும் உயரத்தில் ஒரு கம்பில் துணி கட்டி அதைப் பார்த்துப் பேசுங்கள். தென்னந்தோப்பில் எடுக்காதீர்கள்: ஓலை நிழல் ஆடிக்கொண்டே இருப்பதால் ஒட்டும் கோடு பளிச்சென்று தெரியும். மதில் நிழலோ வீட்டுக்குள்ளோ நல்லது.

படம் பார்த்துப் பழகுகிறவர்கள் ஒவ்வொரு காட்சியையும் முதலில் சத்தத்தை அணைத்துப் பாருங்கள், அப்புறம் கண்ணை மூடிக் கேளுங்கள். ஸ்மைலியை மட்டும் மூன்றாம் முறையும் பாருங்கள், எங்கெல்லாம் அவர் எதுவும் செய்யாமல் இருக்கிறார் என்று எண்ணிக்கொண்டே.

நாடகம் முடிந்த இரவில் மீசையைப் பிய்த்து இழுக்காதீர்கள், மேல்தோல் சேர்ந்து வரும். ரிமூவர் இல்லையென்றால் தேங்காய் எண்ணெயை ஓரத்தில் ஊறவிட்டு மெல்ல உரியுங்கள். டிரான்ஸ்மிட்டர் பேட்டரியைக் கழற்றிவிட்டு, வியர்த்த உடைகளை மூட்டை கட்டாமல் அன்றைக்கே கொடியில் விரித்துப் போடுங்கள்.