ஒன்பதாம் வகுப்பிலேயே பேசிவிடுங்கள்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம், இந்தியர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும், பிள்ளையை "டாக்டரா, எஞ்சினியரா?" ஆக்குவது என்ற பேச்சு மெட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்பு) ஆண்டில்தான் சூடுபிடிக்கும். அதற்குள் பல வழிகள் அடைபட்டிருக்கும். ஒன்பதாம் வகுப்பு முடியுமுன் பள்ளி தரும் பாடத்தேர்வுப் படிவத்தில்தான் விஷயம் முடிவாகிறது.

பத்தாம் வகுப்பிலிருந்து ஏழு பாடங்கள். இரண்டு மொழி, லைஃப் ஓரியண்டேஷன் (வாழ்க்கைத் திறன் பாடம்), கணிதம் அல்லது மேத்ஸ் லிட்டரசி (அன்றாடக் கணக்கு மட்டும் உள்ள எளிய பாடம்) போக மீதி மூன்றும் பிள்ளை தேர்ந்தெடுப்பது. மருத்துவம், பொறியியல் வேண்டுமென்றால் கணிதமும் பிசிக்கல் சயன்ஸும் (இயற்பியல், வேதியியல் சேர்ந்த பாடம்) இருந்தே ஆகவேண்டும். கணிதத்திலிருந்து லிட்டரசிக்கு இறங்குவது எளிது. மறுபடி ஏறுவது பெரும்பாடு. அதனால் கணிதத்தில் ஓரளவு தேறுகிற பிள்ளை அதை விடவேண்டாம்.

பிசிக்கல் சயன்ஸ் கதை வேறு. பெற்றோரான உங்களுக்காகப் பிள்ளை அதை எடுத்து 45 வாங்கினால், பல்கலைக்கழகச் சேர்க்கைக்குக் கிடைப்பது 3 புள்ளி. பிடித்த வரலாற்றில் 75 வாங்கியிருந்தால் 6. (80உம் அதற்கு மேலும் 7, எழுபதுகளில் 6, அறுபதுகளில் 5, ஐம்பதுகளில் 4, நாற்பதுகளில் 3.) மருத்துவமும் கிடைக்காமல், மற்ற படிப்புக்கான புள்ளியும் குறைந்து பிள்ளை நடுவில் நிற்கும். நாங்கள் அதிகம் பார்க்கும் கோளாறு இதுதான்.

படிவம் வருமுன் பிள்ளை மூன்று படிப்புகளை எழுதட்டும், நீங்களும் தனியாக மூன்று எழுதுங்கள். ஒருவர் தாளை ஒருவர் பார்க்காமல். பார்த்தால் பிள்ளை உங்களுடையதையே எழுதிவிடும். பிறகு ஒவ்வொன்றுக்கும் பல்கலைக்கழகம் கேட்கும் பாடம், மதிப்பெண் இரண்டையும் குறித்து, கடைசி இரண்டு ரிப்போர்ட்டுகளின் பக்கத்தில் வையுங்கள். பாதி வாதம் அங்கேயே அடங்கும்.

தாத்தா பாட்டி சொல்வதையும் தள்ளிவிடாதீர்கள். 1961இல் நிறவெறி அரசு இந்தியருக்கென்று டர்பன் துறைமுகத்துச் சாலிஸ்பரி தீவில் தனிக் கல்லூரி வைத்த காலத்து மனிதர்கள். வாத்தியார், டாக்டர் என்ற இரண்டு பெயர்களை அவர்கள் சும்மா பிடித்துக்கொள்ளவில்லை.

பணக் கணக்கை மறைக்காதீர்கள். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 3,50,000 ராண்டுக்குள் இருந்தால் என்எஸ்எஃப்ஏஎஸ் என்ற அரசு மாணவர் நிதி உதவிக்கு விண்ணப்பிக்கலாம். அதைத் தாண்டிய வீட்டில் எவ்வளவு முடியும் என்று தொகையாகவே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் பிள்ளை தானே ஊகித்து, கேட்க நினைத்த படிப்பைக் கேட்காமலே விட்டுவிடும்.

டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்துப் பல்கலைக்கழகங்களுக்குச் சிஏஓ என்ற பொது விண்ணப்ப அலுவலகம் வழியாகத்தான் விண்ணப்பம். மெட்ரிக் முடிவு வருமுன்பே போடுவதால் பதினோராம் வகுப்பு மதிப்பெண்ணைத்தான் முதலில் பார்ப்பார்கள். விருப்ப வரிசையில் முதலிடம் உங்கள் ஆசைக்குப் போனாலும், அடுத்த இடங்களையாவது பிள்ளை நிரப்பட்டும்.