கே.எல்-லேர்ந்து திருச்சி மலைக்கோட்டை: முதல் தடவை போறவங்களுக்கு

பத்துமலை 272 படியை ஏறிப் பழகினவங்களுக்கு மலைக்கோட்டை படி ஒண்ணும் பயமில்ல. நானூறுக்கு மேல இருந்தாலும் நடுநடுவுல சன்னதி, மண்டபம்னு நின்னு நின்னுதான் போவோம். சிக்கல் எல்லாம் அதுக்கு முன்னாடி, விசா ஃபார்ம்லயும் நேரம் போடுறதுலயும்தான், அதனால அந்த ரெண்டையும் விலாவாரியா எழுதுறேன். டிக்கெட் எடுக்குறது, பேக் கட்டுறதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

ஸ்டெப் 1: விசா

நம்ம மலேசியப் பாஸ்போர்ட்டுக்கு ஈ-விசா எடுத்தாப் போதும், அதை வச்சு நேரா திருச்சியிலயே இறங்கலாம், சென்னை போய் மாற வேண்டாம். கூகல்ல தேடினா மேல வர்றதுல பாதி ஏஜென்ட் சைட்டு, பாக்க கவர்மென்ட் சைட் மாதிரியே இருக்கும், காசு கூட எடுத்துருவாங்க. அட்ரஸ் 'ஜிஓவி டாட் இன்'னு முடியுதான்னு பாத்துட்டு உள்ள போங்க. குறைஞ்சது நாலு நாளைக்கு முன்னாடியே போட்டுடணும், நான் சொல்றது இன்னும் சீக்கிரமாவே போடுங்க.

பேர் போடுற இடத்துலதான் நான் ராத்திரி ரொம்ப நேரம் மாட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். நம்ம பாஸ்போர்ட்ல பேரு ஒரே வரியில, நடுவுல ஏ/எல் (இன்னார் மகன்) இல்லனா ஏ/பி (இன்னார் மகள்) போட்டு அப்பா பேரோட இருக்கும், ஃபார்ம்ல குடும்பப் பேர் தனிக் கட்டம், சொந்தப் பேர் தனிக் கட்டம், அந்தச் சாய்ந்த கோட்டை டைப் பண்ணா ஏத்துக்கவே இல்ல. கடைசியில குடும்பப் பேர் கட்டத்தைக் காலியா விட்டுட்டு, முழுப் பேரையும் சொந்தப் பேர் கட்டத்துலயே போட்டேன், கோட்டை மட்டும் எடுத்துட்டு. விசா வந்துடுச்சு, இமிகிரேஷன்லயும் ஒண்ணும் கேக்கல. ஏர்லைன் சைட்ல ரெண்டு கட்டமும் கட்டாயம்னு வந்தா அப்பா பேரைக் குடும்பப் பேர்ல போடுங்க, ஆனா எழுத்து ஒண்ணுகூட பாஸ்போர்ட்ல இருக்குறதுக்கு மாறக்கூடாது.

போட்டோ சதுரமா, பின்னாடி வெள்ளையா இருக்கணும். பாஸ்போர்ட் பக்கத்தை 300 கேபி-க்குள்ள பிடிஎஃப்பா கேப்பாங்க. அதைச் சின்னதாக்க கண்ட கண்ட வெப்சைட்ல பாஸ்போர்ட்டை ஏத்தாதீங்க, போன்லயே ஸ்கேன் பண்ணி குவாலிட்டியைக் குறைச்சா போதும். இந்தியாவுல தெரிஞ்சவங்க யாருன்னு கேக்குற இடத்துல சொந்தக்காரங்க இல்லைனா தங்கப்போற ஹோட்டல் பேரும் அட்ரஸும் போடலாம்.

அப்டேட்: வருகை அட்டையை ஆன்லைன்ல நிரப்பலாமான்னு ஒரு அக்கா கமென்ட்ல கேட்டிருந்தாங்க. ஆமா, ஃப்ளைட்ல குடுக்குற வருகை அட்டைக்குப் பதிலா 2025 அக்டோபர்லேர்ந்து ஆன்லைன்லயே நிரப்பலாம், இறங்குறதுக்கு முன்னாடி 72 மணி நேரத்துக்குள்ள. காசு கிடையாது. காசு கேட்டா அது கவர்மென்ட் சைட் இல்ல.

ஸ்டெப் 2: எங்க தங்குறது, எப்ப ஏறுறது

நிறைய பேர் ஸ்ரீரங்கம், சமயபுரம், துணிக்கடை எல்லாம் முடிச்சுட்டு கடைசி நாள் மத்தியானம் மிச்ச நேரத்துல மலைக்கோட்டையைச் சேத்துக்குறாங்க. எனக்கு இது மனசு வலிக்கும். மத்தியானம் தாயுமானவர் நடை சாத்தியிருக்கும், சாயந்தரம்தான் திறப்பாங்க, மேல வெட்டவெளிப் பாறை வேற வெறுங்கால்ல கொதிக்கும், ஓடிப்போய் உச்சிப் பிள்ளையாரை ஒரு கும்பிடு போட்டுட்டு இறங்கிருவாங்க. ஒரு காலையை முழுசா இதுக்குன்னே ஒதுக்குங்க.

அதுக்கு நமக்கு ஒரு வசதி இருக்கு. நம்ம ஊர் காலை 7 மணி அங்க விடிகாலை 4.30. முதல் ரெண்டு நாள் உடம்பு தானா முழிச்சுக்கும், அதனால போய் இறங்கின மறுநாளே மலைக்கோட்டையை வச்சுக்கங்க. ரூம் சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் எடுத்தா நடந்தே போயிரலாம். நம்ம ஊர்ல போன்ல டாக்சி கூப்பிடுற கிராப் அங்க கிடையாது, ஆட்டோதான், ஏறுறதுக்கு முன்னாடியே ரேட் பேசிக்கங்க, சில்லறை நோட்டு கையில வச்சுக்கங்க.

மாசம்னு கேட்டா டிசம்பர் கடைசியிலேர்ந்து பிப்ரவரி வரைக்கும். ஏப்ரல், மே வெயில் நம்ம வெயில் மாதிரி இல்ல. விநாயகர் சதுர்த்தி அன்னிக்கு பெரிய கொழுக்கட்டை செஞ்சு கீழ மாணிக்க விநாயகருக்கும் மேல உச்சிப் பிள்ளையாருக்கும் படைப்பாங்க, பாக்கணும்தான், ஆனா வயசானவங்களைக் கூட்டிட்டு அந்தக் கூட்டத்துல போகாதீங்க.

ஸ்டெப் 3: ஏறுறது

சப்பாத்தைக் கீழயே விட்டுட்டு மாணிக்க விநாயகரைக் கும்பிட்டுட்டு ஆரம்பிங்க. முதல் பகுதி பாறைக்குள்ளயே போற படி, நிழலா இருக்கும். பாதிக்கு மேல தாயுமானவர், மட்டுவார்குழலம்மை. காவேரி வெள்ளத்துல அம்மா வர முடியாம தவிச்ச ரத்னாவதிக்கு சிவனே அம்மாவா வந்து பிரசவம் பாத்தாருன்னு ஐதீகம், சுகப்பிரசவம் வேண்டி வாழைத்தார் சாத்துவாங்க. வீட்ல மாசமா இருக்குறவங்க பேருக்கு அர்ச்சனை பண்ண நட்சத்திரத்தை முன்கூட்டியே எழுதிட்டுப் போங்க.

அதுக்கு மேல போறப்போ, உச்சிக்குக் கொஞ்சம் முன்னாடி மகேந்திரவர்ம பல்லவன் குடைஞ்ச குகை வரும், ஏழாம் நூற்றாண்டு. எல்லாரும் அதைத் தாண்டி ஓடுறாங்க, தயவுசெஞ்சு நில்லுங்க. உள்ள கங்காதரர் சிற்பம், சடையில கங்கையைத் தாங்குறாரு, பக்கத்துத் தூண்ல ராஜாவோட கல்வெட்டு. 1,400 வருஷத்துக்கு முன்னாடி இந்தக் கல்லுல உளி வச்சிருக்காங்கன்னு நினைச்சா எனக்கு அங்கேர்ந்து நகரவே மனசு வரல.

உச்சியில நின்னா காவேரி, அந்தப் பக்கம் ஸ்ரீரங்கம் ராஜகோபுரம், 236 அடி. மலையே 273 அடிதான்.

பசங்க 'கோட்டை எங்க?'ன்னு கேப்பாங்க. சுத்தி இருந்த மதிலை எல்லாம் பின்னாடி இடிச்சுட்டாங்க, கீழ மெயின்கார்டு கேட் மிச்சம் இருக்கு, இறங்கினதும் அதைக் காட்டுங்க. 1751-ல ஆற்காடு நவாப் பதவிக்குப் போட்டி போட்ட சந்தா சாகிப்பும் பிரெஞ்சுக்காரங்களும் இந்த ஊரை முற்றுகை போட்டப்போ உள்ள எதிர்ப் போட்டியாளர் முகமது அலி இருந்தாரு, அந்த முற்றுகையைத் திசை திருப்பத்தான் அவருக்குத் துணையா இருந்த இங்கிலீஷ்காரங்க பக்கத்து கிளைவ் ஆற்காட்டைப் பிடிச்சது. ஏறுறதுக்கு முன்னாடியே இதைச் சொல்லிட்டா பசங்க ஆர்வமா வருவாங்க.

முட்டி வலி இருக்குற அம்மா, பாட்டிங்களுக்கு: தாயுமானவர் வரைக்கும் மெதுவா ஏறலாம், உக்கார இடம் இருக்கு. உச்சிக்குப் போற கடைசிப் படிங்க செங்குத்து, அங்க கட்டாயப்படுத்தாதீங்க. அதுவும் முடியாதுன்னா மாணிக்க விநாயகர் கீழயே இருக்காரு. மலையோட தெற்கு அடிவாரத்துல தெருவுக்குள்ள பாண்டியர் காலத்துக் குகை ஒண்ணும் இருக்கு, அதுக்கு மலை ஏறவே வேண்டாம், ஆட்டோக்காரர்கிட்ட கீழ்க்குகைன்னு கேளுங்க. எல்லாரும் இறங்கி வந்தப்புறம் சேர்ந்து பசியாறிக்கலாம், சின்னக்கடை வீதி பக்கம் இட்லி, பொங்கல் எல்லாம் கிடைக்கும்.