கராஜுக்கு ஹீட்டர் போட்ட கதை: என் அனுபவம்

குளிர்காலத்தில் எங்கள் கராஜில் ஸ்பேனரைத் தொட்டாலே விரல் விறைத்துப்போகும். முதலில் கதவடி இடைவெளிக்கு ரப்பர் பட்டை ஒட்டினேன். குளிர்காற்று வெகுவாகக் குறைந்தது.

புகைபோக்கி இல்லாத கேஸ், மண்ணெண்ணெய் ஹீட்டர்கள் வேண்டவே வேண்டாம். மூடிய இடத்தில் அவை விடும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ வாசனையோ கிடையாது, ஆளையே கொன்றுவிடும். பெட்ரோல் ஆவியும் அப்படித்தான் பயமுறுத்தியது. காற்றைவிடக் கனம் என்பதால் தரையோரம் தேங்கும், ஒரு பொறி போதும். அதனால் கராஜுக்கென்றே வரும் 5,000 வாட் மின்சார ஹீட்டரைக் கூரையோரம் மாட்டினோம். 240 வோல்ட்டில் கிட்டத்தட்ட 21 ஆம்பியர் இழுக்கும். எக்ஸ்டென்ஷன் வயரெல்லாம் தாங்காது. எலெக்ட்ரீஷியன் 30 ஆம்பியர் பிரேக்கரோடு தனி லைன் இழுத்துக் கொடுத்தார். தின்னர், பெயின்ட் டப்பாக்களை வெளி ஷெட்டுக்கு மாற்றிவிட்டேன்.