டி.ஈ.டபிள்யூ 2020: பெண்கள் பிரிவைக் கட்டியெழுப்புவது எப்படி? (முதல்முறை ஆடுபவர்களுக்கு)

மூன்று சேவ் கேமை அழித்துவிட்டு நாலாவதில்தான் எனக்கு இது சரிவந்தது. நான் விழுந்த குழியில் நீங்களும் விழ வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

டி.ஈ.டபிள்யூ, அதாவது டோட்டல் எக்ஸ்ட்ரீம் ரெஸ்லிங், கேள்விப்படாதவர்களுக்குச் சுருக்கமாக: ரெஸ்லிங் கம்பெனி நடத்தும் விளையாட்டு. அடிபடுவது நீங்கள் இல்லை. யார் யாரோடு மோதுவது, யார் ஜெயிப்பது, யாருக்கு எவ்வளவு சம்பளம் என்று முடிவெடுக்கும் முதலாளி நீங்கள். கிராபிக்ஸ் கிடையாது, எல்லாம் எழுத்தும் எண்ணும்தான். செய்தவர் ஆடம் ரைலண்ட், வெளியிடுவது கிரே டாக் சாஃப்ட்வேர். இதற்கு முன்னால் அவர் இலவசமாகக் கொடுத்த எக்ஸ்ட்ரீம் வார்ஃபேர் ரிவெஞ்சை ஆடியவர்களுக்குப் பாதி விஷயம் ஏற்கனவே தெரிந்திருக்கும்.

கொழும்பில் வேலை செய்யும் மாமா மகன் கழித்துக் கட்டிய லேப்டாப்பில்தான் நான் ஆடுகிறேன். அதிலேயே நன்றாக ஓடுகிறது. கேமை எப்படி இறக்குவது, எப்படி நிறுவுவது என்றெல்லாம் சொல்லப் போவதில்லை, அதை நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். ஒன்றே ஒன்று: ஒவ்வொரு ஷோவுக்கும் முன்னால் சேவ் பண்ணுங்கள். மலையகத்தில் எங்கள் கொட்டகலைப் பக்கம் மழைக்காலத்தில் காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் போதும், எங்கோ ஒரு மரம் கம்பியில் சாயும், கரண்ட் போகும். என் லேப்டாப் பேட்டரி செத்து இரண்டு வருசமாகிறது. இரண்டாவது சேவில் நாலு மாத ஆட்டம் அப்படித்தான் போனது.

அப்புறம் குறிப்பெழுத ஒரு சி.ஆர். கொப்பி (கெட்டி அட்டை நோட்டு) வாங்கி வையுங்கள். எக்ஸெல்லில் போடலாமே என்று கேட்பீர்கள். ஷோவை புக் பண்ணிக்கொண்டே, அதாவது மேட்சுகளை அமைத்துக்கொண்டே, ஒவ்வொரு தடவையும் ஜன்னல் மாற்றிப் பார்ப்பது எனக்கு எரிச்சல். கொப்பி மடியில் கிடக்கும், பேனாவால் கோடு போட்டு அடிக்கலாம், கரண்ட் போனாலும் இருக்கும்.

1. கம்பெனியைத் தேர்ந்தெடுப்பது

பெரிய கம்பெனியை எடுக்காதீர்கள். ஆட்கள் குவிந்து கிடப்பார்கள், யார் யாரென்று படிக்கவே ஒரு வாரம் போகும். கேமோடு வரும் கற்பனை உலகத்தில், அதாவது கார்னெல்வெர்ஸில், ஒரு சின்ன அமெரிக்கக் கம்பெனி போதும். எடுத்ததும் முதலில் ப்ராடக்ட் பக்கத்தைத் திறவுங்கள். மேட்சுக்கு மதிப்பெண் போடும்போது ரசிகர்கள் செல்வாக்கை எவ்வளவு பார்ப்பார்கள், ரிங்குக்குள் காட்டும் திறமையை எவ்வளவு பார்ப்பார்கள் என்று அங்கே இருக்கும். நான் முதல் இரண்டு தடவையும் இதைப் படிக்கவே இல்லை.

2. ஆள் எடுப்பது

ஆறு பேர் போதும், மிஞ்சினால் எட்டு. மூன்று பேர் நல்லவர்கள், மூன்று பேர் வில்லிகள். சின்னக் கம்பெனியில் ஒரு ஷோவுக்கு இவ்வளவு என்று கொடுக்கும் பி.பி.ஏ ஒப்பந்தம்தான் சரி. எங்கள் பக்கம் கைக்காசு என்போமே, கிட்டத்தட்ட அதுதான். வராத நாளுக்குக் காசு இல்லை. எண்களில் நான் முதலில் பார்ப்பது சைக்காலஜியும் (மேட்சைக் கதையாகக் கொண்டுபோகும் திறமை) சேஃப்டியும் (எதிராளிக்குக் காயம் வராமல் ஆடுவது). சேஃப்டி குறைந்தவள் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் வேண்டாம். ஆறு பேரில் ஒருத்தியை முறித்துப் போட்டுவிட்டால் மிச்சம் ஐந்துதான்.

3. செல்வாக்கு (நான் விழுந்த குழி)

இந்தப் பகுதியை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

மூன்றாவது சேவில் ஜப்பானியப் பெண்கள் நாலு பேரை எடுத்தேன். காரணம் இருந்தது. பெண்கள் ரெஸ்லிங் என்றால் ஜப்பான்தான் என்று எங்கோ படித்திருந்தேன். ஆல் ஜப்பான் விமன்ஸ் 1968இலிருந்து 2005 வரை ஓடிய கம்பெனி, 1994 நவம்பரில் டோக்கியோ டோம் என்ற பெரிய மைதானத்திலேயே பெண்கள் ஷோ போட்டார்கள். கேமில் நான் எடுத்த பெண்களின் திறமை எண்களும் வாயைப் பிளக்க வைக்கும். சரி, கிடைத்தது லாட்டரி என்று இரண்டு பேரை மெயின் ஈவென்டில், அதாவது ஷோவின் முக்கிய மேட்சில், 22 நிமிடம் மோதவிட்டேன்.

மதிப்பெண் நூற்றுக்கு 31.

அதே ஷோவில் முதல் மேட்சாக வந்த இரண்டு தொந்திக்கார ஆண்கள் 44 வாங்கியிருந்தார்கள். எனக்கு வந்த கோபத்தில், இந்தக் கேமே பெண்களுக்கு எதிரானது என்று முடிவுகட்டிவிட்டேன். தங்கச்சி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மவுஸைப் பிடுங்கி அந்தப் பெண்ணின் பக்கத்தைத் திறந்து, பிரதேச வாரியாகச் செல்வாக்கு போட்டிருக்கும் இடத்தைக் காட்டினாள்.

"அண்ணே, இவ ஜப்பான்ல முழுப்பேரு. இங்க அரைப்பேரு கூட இல்ல. பாரு."

தேயிலைத் தோட்டத்தில் பிறக்காதவர்களுக்கு: கொழுந்து நிறுக்கும்போது அன்றைக்குச் சொன்ன கிலோ வராவிட்டால் அரைப்பேர்தான் போடுவார்கள், பாதி நாள் சம்பளம். காலையிலிருந்து மலையில் நின்றது கணக்கில் வராது, தராசு காட்டுவதுதான் கணக்கு. அம்மா அரைப்பேரோடு வீட்டுக்கு வந்த நாட்கள் எங்கள் இரண்டு பேருக்குமே ஞாபகம் இருக்கிறது. தங்கச்சி அதைச் சொன்னதும் விஷயம் உடனே பிடிபட்டது.

இந்தக் கேமில் செல்வாக்கு ஒரே எண் கிடையாது. ஊருக்கு ஊர் தனித்தனி. ஜப்பானில் கொண்டாடப்படுபவள் அமெரிக்காவின் ஒரு மூலையில் யாருக்கும் தெரியாதவளாக இருப்பாள். ஷோ எங்கே நடக்கிறதோ அங்கே உள்ள ரசிகர்கள்தான் மதிப்பெண் போடுகிறார்கள். உங்கள் ப்ராடக்ட் செல்வாக்கைப் பெரிதாக மதிப்பதாக இருந்தால், எவ்வளவு அழகாக ரெஸ்லிங் செய்தாலும் எண் ஏறாது. பெர்செப்ஷன் என்று இன்னொரு கட்டமும் இருக்கிறது. மேஜர் ஸ்டாரிலிருந்து அன்இம்பார்ட்டன்ட் வரை, உங்கள் கம்பெனியில் அவளை யாராக எண்ணுகிறார்கள் என்பது அதில் தெரியும். என் நாலு பேரும் அடிமட்டத்தில் இருந்தார்கள்.

நாலாவது சேவில் செய்தது இது.

முதலில் உள்ளூரில் பெயர் உள்ள ஒருத்தியைப் பிடித்தேன். வயது போனவள், ரிங்கில் சுமார்தான், ஆனால் அந்தப் பிரதேசத்தில் தெரிந்த முகம். திறமையைப் பார்த்து ஆளெடுக்கிற பழக்கத்தை இங்கே மட்டும் விட்டுவிடுங்கள். இவள்தான் உங்கள் தராசு.

அடுத்தது, தெரியாத பெண்களுக்கு நீளமான மேட்ச் கொடுக்காதீர்கள். ஆறு, ஏழு நிமிடம். எதிரே தோற்பதற்கென்றே எடுத்த உள்ளூர்ப் பிள்ளைகள். ஜெயிக்கட்டும். இப்படி நாலைந்து ஷோ போனால் எண் மெதுவாக அசையும். இந்த இடத்தில்தான் பொறுமை வேண்டும்.

அதோடு ஆங்கிள். மேட்ச் அல்லாத காட்சிகள், அதாவது பேச்சு, சவால், முதுகில் குத்துவது. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஆங்கிளில் வரும் ஒவ்வொருவரையும் எதை வைத்து மதிப்பிட வேண்டும் என்று நாம்தான் குறிக்க வேண்டும். தெரியாத பெண்ணுக்கு ஓவர்னெஸ் என்று போட்டால் அவளது பூச்சியச் செல்வாக்குதான் எடைபோடப்படும், காட்சியே சொதப்பும். அவளுக்கு மைக் நன்றாக வரும் என்றால் மைக்ரோஃபோன் போடுங்கள். கூட்டத்தைச் சுண்டி இழுப்பவள் என்றால் என்டர்டெயின்மென்ட். சும்மா பக்கத்தில் நிற்கிறாள் என்றால் நாட் ரேட்டட். பெயர் உள்ள மூத்தவளுக்கு மட்டும் ஓவர்னெஸ். மூத்தவளையும் புதியவளையும் ஒரே காட்சியில் வைத்து இப்படிக் குறித்த அன்றுதான் என் பெண்கள் பிரிவில் முதல் தடவையாக 50ஐத் தாண்டிய ஒரு எண்ணைப் பார்த்தேன். மேட்ச் இல்லை, இரண்டு நிமிடப் பேச்சு!

கடைசியாக, புதியவள் ஓரளவு ஏறியதும் மூத்தவளோடு 12, 13 நிமிட மேட்ச். புதியவள் தோற்கட்டும், ஆனால் மயிரிழையில். அடுத்த மாதம் ஜெயிக்கட்டும்.

4. நேரம்

2015 பிப்ரவரியில் டபிள்யூ.டபிள்யூ.ஈயின் வாராந்த நிகழ்ச்சியான ராவில் நாலு பெண்கள் இரண்டு இரண்டு பேராக ஆடிய டேக் மேட்ச் சுமார் 30 விநாடியில் முடிந்தது. ரசிகர்கள் இணையத்தில் கொந்தளித்தார்கள். நாலு வருசம் கழித்து, 2019 ஏப்ரலில், அவர்களின் வருசத்தின் மிகப் பெரிய ஷோவான ரெஸில்மேனியாவின் மெயின் ஈவென்டே பெக்கி லிஞ்ச், ஷார்லட், ரோண்டா ரவுசி என்று மூன்று பெண்கள். நடுவில் நடந்தது வேறொன்றும் இல்லை, நேரம் கொடுத்தார்கள், கதை கொடுத்தார்கள்.

கேமிலும் ஒரு ஷோவுக்குப் பெண்கள் மேட்ச் இரண்டு வையுங்கள். ஒன்று மட்டும் வைத்தால் அதில் சாம்பியனைத்தான் போடத் தோன்றும். மற்ற நாலு பேர் வீட்டில் உட்கார்ந்திருப்பார்கள், அவர்கள் எண் கரையும். ஸ்டாமினா பார்த்து நேரம் கொடுங்கள், அவ்வளவுதான்.

5. பெல்ட்

முதல் நாளே சாம்பியன் பெல்ட் செய்யாதீர்கள். கை துறுதுறுக்கும், தெரியும். அடிமட்டத்தில் இருக்கும் இரண்டு பேர் மோதி எடுத்த பெல்ட்டுக்கு என்ன மதிப்பு? கேமில் எட்டு மாதம் நான் பெல்ட் இல்லாமலே ஓட்டினேன். கேட்டால் சிரிப்பீர்கள், அந்த எட்டு மாதம்தான் நன்றாக இருந்தது. இரண்டு பேராவது மேலே வந்த பிறகு பெல்ட் செய்து, பெண்களுக்கு மட்டும் என்று குறித்துவிடுங்கள்.

ஒரு ஆபத்து. பி.பி.ஏயில் இருக்கும் உங்கள் நட்சத்திரத்தைப் பெரிய கம்பெனி வந்து தூக்கிக்கொண்டு போகும். படிக்கவைத்த பிள்ளை கொழும்புக் கடைக்கு வேலைக்குப் போகிற கதைதான், தடுக்க முடியாது. போகிறாள் என்று தெரிந்ததும் அடுத்த ஷோவிலேயே பெல்ட்டை இன்னொருத்தி கைக்கு மாற்றிவிடுங்கள். நிஜத்திலேயே இது நடந்திருக்கிறது. 1995 டிசம்பரில் டபிள்யூ.டபிள்யூ.எஃப் (இன்றைய டபிள்யூ.டபிள்யூ.ஈ) பெண்கள் சாம்பியன் அலுண்ட்ரா பிளேஸ், மதூசா என்ற பெயரில் எதிரிக் கம்பெனியான டபிள்யூ.சி.டபிள்யூவின் டிவி நிகழ்ச்சிக்குப் பெல்ட்டோடு போய், கேமரா முன்னால் அதைக் குப்பைத் தொட்டியில் போட்டார். அந்தப் பட்டம் திரும்ப வந்தது 1998இல்தான்.

6. கெமிஸ்ட்ரி

இரண்டு பேரும் தனித்தனியே கெட்டிக்காரிகள், சேர்ந்தால் சொதப்பல். சிலர் நேர் எதிர். இது முன்கூட்டித் தெரியாது, மேட்ச் முடிந்த பிறகு வரும் குறிப்பில்தான் இருக்கும். அந்தக் குறிப்பைப் படிக்காமல் க்ளிக் பண்ணிக்கொண்டே போகாதீர்கள். கொப்பி வாங்கச் சொன்னதே முக்கியமாக இதற்குத்தான். ஆறு பேருக்கு ஆறு வரிசை, ஆறு நிரல், கட்டத்துக்குள் சரி அல்லது புள்ளடி. முக்கியமில்லாத ஷோக்களில் எல்லா ஜோடியையும் ஒரு தடவை மோதவிட்டுப் பாருங்கள். பெரிய ஷோவில் பரீட்சை வேண்டாம்.

பின்னால் சேர்த்தது

இதைப் படித்துவிட்டு பண்டாரவளையிலிருந்து ஒருவர் கேட்டார்: "என் சாம்பியன் எல்லாரையும் தோற்கடித்துவிட்டாள், இனி யாரோடு விடுவது?" இது எனக்கும் வந்த பிரச்சினைதான், மேலே எழுத மறந்துவிட்டேன். சாம்பியன் ஒருத்தியைத் தோற்கடிக்கும்போதே அடுத்தவளை வளர்க்கத் தொடங்கியிருக்க வேண்டும். சவால் விடப் போகிறவள் சாம்பியனின் கண்ணிலேயே படாமல் மூன்று மாதம் வேறு யாரையாவது ஜெயித்துக்கொண்டு இருக்கட்டும். இப்போது சிக்கிக்கொண்டவர்களுக்கு: சாம்பியனை வில்லியாக்குங்கள், அல்லது வில்லியாக இருந்தால் நல்லவளாக்குங்கள். முன்பு அவள் பக்கம் இருந்தவர்களே எதிரிகளாகிவிடுவார்கள், பழைய ஆட்களே புதுக் கதைக்குப் போதும்.

இன்னொருவர், ஒரே நேரத்தில் இரண்டு பேருக்குக் காயம், மிச்சம் நாலு பேர்தான் என்றார். நாலு பேர் என்றால் டேக் மேட்ச் ஒன்று போடுங்கள். காயப்பட்டவளை ஆங்கிளில் பேசவிடுங்கள். பேசுவதற்குக் கால் தேவையில்லை.

தங்கச்சி கேமின் எடிட்டரில் ஒரு பெண்ணைச் செய்து உள்ளே விட்டிருக்கிறாள். கவ்வாத்துக்காரி என்று பெயர். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற மாதிரி ஆளை வெட்டிச் சாய்ப்பாளாம். ஸ்டாமினா 95 போட்டிருந்தாள், நான் 70க்கு இறக்கினேன், இரண்டு நாள் பேசவில்லை. இப்போது உள்ளூரில் செல்வாக்கு 38. பெல்ட் கேட்டு தினமும் நச்சரிப்பு. மூத்தவளோடு இன்னும் ஒரு தடவை தோற்கட்டும் என்று வைத்திருக்கிறேன்.