கேஸ் ஃபேன் மாத்தும்போது பண்ணக்கூடாத தப்புங்க

பிசி சத்தம் போட ஆரம்பிச்சதும் முக்கால்வாசி பேரு முதல்ல பண்றது நல்ல சைலண்ட் ஃபேன் எதுன்னு தேடுறது. முதல் தப்பே அதுதான். எது சத்தம் போடுதுன்னு தெரியாமலே மூணு கேஸ் ஃபேனையும் கழட்டி மாத்திட்டு, ஆன் பண்ணா அதே சத்தம் அப்படியே வரும், ஏன்னா அது கிராஃபிக்ஸ் கார்டு ஃபேன்ல இருந்தோ பவர் சப்ளைல இருந்தோ வந்துட்டு இருந்திருக்கும்.

அதனால முதல்ல காது கொடுத்து கேளுங்க. பிசிய ஆஃப் பண்ணிட்டு ஒரு கேஸ் ஃபேனோட வயர கழட்டுங்க, ஆன் பண்ணி கொஞ்ச நேரம் கேளுங்க, திரும்ப ஆஃப் பண்ணி அத மாட்டிட்டு அடுத்தத கழட்டுங்க. சிபியூ ஃபேன்ல மட்டும் இந்த வேலைய காட்டாதீங்க. சத்தத்தோட ரகமும் முக்கியம். கரகரன்னு, இல்ல கிர்ர்ருன்னு அரைக்கிற மாதிரி வந்தா பேரிங் போயிடுச்சு, அந்த ஃபேன மாத்தத்தான் வேணும். டிக்டிக்னு ஒரே சீரா வந்தா பெரும்பாலும் ஏதோ ஒரு வயர் பிளேடுல உரசுது, ஒரு கேபிள் டை போட்டா வேலை முடிஞ்சுது. ஸ்ஸ்ஸ்னு காத்து சத்தம்னா ஃபேன் நல்லாத்தான் இருக்கு, ஸ்பீடு தான் அதிகம். கேஸ் தகடு மேல கை வச்சு அழுத்தும்போது சத்தம் குறையுதுன்னா அது அதிர்வு, அதுக்கு ஃபேன் காரணமா இருக்கணும்னு கூட இல்ல, 7200 ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு 7200 சுத்து) ஹார்ட் டிஸ்க் ஒன்னு உள்ள இருந்தா அதுவே செகண்டுக்கு 120 தடவ சுத்தி தகட்ட ம்ம்ம்முனு முனக வைக்கும். கேம் ஓடும்போது மட்டும் கீச்சுனு வர்றது கிராஃபிக்ஸ் கார்டோட காயில் (கம்பிச் சுருள்) அதிர்ற சத்தமா இருக்கலாம், அப்படின்னா எத்தன ஃபேன் மாத்துனாலும் போகாது.

அடுத்தது ஸ்பீடு. இத சரியா புரிஞ்சுக்கிட்டா பாதி பேருக்கு புது ஃபேனே தேவைப்படாது. ஃபேன் ஸ்பீட பாதியா குறைச்சா காத்தும் பாதியாத்தான் குறையும், ஆனா சத்தம் ஏறக்குறைய 15 டெசிபெல் குறையும், 10 டெசிபெல் குறைஞ்சாலே காதுக்கு பாதி சத்தமாத்தான் தெரியும்ங்கறப்போ 15ங்கறது எவ்வளவு பெரிய வித்தியாசம்னு பாருங்க. இன்னொரு பக்கம், ஒரே மாதிரி ரெண்டு ஃபேன் ஓடுற இடத்துல ஒன்ன நிறுத்துனா குறையறது 3 டெசிபெல் தான். அதாவது ஃபேன் எண்ணிக்கைய குறைக்கிறதால பெருசா ஒன்னும் கிடைக்காது, ஃபேன் எண்ணிக்கை அதிகமாவே இருக்கட்டும், மெதுவா சுத்தட்டும், அதுதான் வழி. ஒத்த ஃபேன 1500 ஆர்பிஎம்ல ஓட்டுறத விட ரெண்ட 750ல ஓட்டுறது பெரும்பாலும் மேல். 140 எம்எம் ஃபேன் போட இடம் இருக்கிற கேஸ்ல 120 போடாதீங்கன்னு சொல்றதும் இதுக்குத்தான், பெருசு மெதுவா சுத்தியே அதே காத்த தள்ளிரும்.

சத்தத்த விட எரிச்சல் தர்றது ஏறி ஏறி இறங்குற சத்தம். பிரவுசர் திறந்தா உய்ய்ங், மூணு செகண்டுல அடங்கும், அடுத்த டேப் திறந்தா திரும்ப உய்ய்ங். இது ஃபேனோட குத்தம் இல்ல. இப்ப வர்ற சிபியூங்க ஒரு செகண்டுக்குள்ளயே 15, 20 டிகிரி ஏறி இறங்குறது சகஜம், கேஸ் ஃபேனையும் அந்த சிபியூ டெம்பரேச்சரோடவே கோத்து விட்டா அது பின்னாடியே ஓடத்தான் செய்யும். பயாஸ்ல (பிசி ஆன் ஆகும்போது திறக்குற மதர்போர்டு செட்டிங்ஸ்) போயி கேஸ் ஃபேனுக்கு எந்த சென்சார்னு கேக்குற இடத்துல மதர்போர்டு டெம்பரேச்சர வைங்க, கேமுக்குன்னே இருக்கிற பிசின்னா ஃபேன்கண்ட்ரோல் மாதிரி இலவச சாஃப்ட்வேர் போட்டு கிராஃபிக்ஸ் கார்டு டெம்பரேச்சர வைங்க, ஏன்னா கேஸ் உள்ள சூட்ட கொட்டுறதே அதுதான். ஸ்டெப் அப் டைம்னு ஒரு ஆப்ஷன் நிறைய போர்டுல இருக்கு, அத சில செகண்டு தள்ளி வச்சா சின்ன சின்ன ஏத்தத்துக்கெல்லாம் ஃபேன் பதறாது. காசு செலவே இல்லாத வேலை இது, ஆனா இத செய்யாமலே புது ஃபேனுக்கு ஓடுறவங்கதான் அதிகம், எனக்கு அதுல நிஜமாவே வருத்தம் உண்டு.

சரி, இதெல்லாம் பாத்தாச்சு, ஃபேன் மாத்தியே ஆகணும்னு முடிவு ஆகிடுச்சுன்னா அங்கயும் சில தப்பு இருக்கு. 3 பின் ஃபேன் வாங்கிட்டு 4 பின் இடத்துல மாட்டலாம், பொருந்தும், ஓடும். ஆனா பயாஸ்ல அந்த கனெக்டர் பிடபிள்யூஎம் மோடுல (நாலாவது பின் வழியா ஸ்பீட கட்டுப்படுத்துற மோடு) இருந்தா முழு 12 வோல்ட்டும் நேரா போயி ஃபேன் எப்பவும் ஃபுல் ஸ்பீடுல கத்தும், புது ஃபேனே பழசு மாதிரி கத்துதேன்னு நினைப்பீங்க. அத டிசி மோடுக்கு மாத்துனா வோல்டேஜ குறைச்சு ஸ்பீட கட்டுப்படுத்தும். பவர் சப்ளைல இருந்து வர்ற மோலெக்ஸ் வயர்ல நேரா மாட்டுனாலும் அதே கதைதான், முழு ஸ்பீடு, கட்டுப்பாடே கிடையாது. டிசி மோடுல ரொம்ப கீழ இறக்கிட்டா ஃபேன் நின்னே போகும், ஓடிட்டு இருக்கிற ஃபேன் தாங்குற வோல்டேஜ்ல நின்ன ஃபேன் கிளம்பாது, அதனால கிளம்புறதுக்கு எவ்வளவு வேணும்னு பாத்து அதுக்கு மேலயே வைங்க.

ஸ்ப்ளிட்டர் போட்டு ஒரே கனெக்டர்ல நாலஞ்சு ஃபேன் மாட்டுறவங்க லேபிள்ல இருக்கிற ஆம்பியர கூட்டிப் பாருங்க. சாதாரணமா மதர்போர்டுல ஒரு ஃபேன் கனெக்டர் 1 ஆம்பியர் தான் தாங்கும், 0.3 போட்ட ஃபேன் மூணோட நிறுத்திக்கங்க. அதுக்கு மேலன்னா தனி பவர் எடுக்குற ஹப் வாங்குங்க. லைட் ஃபேன் வாங்குறவங்களுக்கு இன்னொன்னு: ஏஆர்ஜிபி (ஒவ்வொரு லைட்டும் தனித்தனி கலர்ல எரியறது) 5 வோல்ட், பழைய ஆர்ஜிபி (எல்லாம் ஒரே கலர்ல எரியறது) 12 வோல்ட், 5 வோல்ட் லைட்ட 12 வோல்ட்ல சொருகுனா அங்கயே காலி.

திசை பத்தி ரொம்ப சொல்ல தேவையில்ல. குறுக்குக் கம்பியும் நடுவுல வட்டமும் இருக்கிற பக்கமாத்தான் காத்து வெளிய வரும், நிறைய ஃபேன்ல பக்கவாட்டுல அம்புக்குறியும் போட்டிருக்கும். முன்னாடியும் கீழயும் உள்ள இழுக்கணும், பின்னாடியும் மேலயும் வெளிய தள்ளணும். உள்ள வர்ற காத்து கொஞ்சம் கூடுதலா இருந்தா தூசி ஃபில்டர் வழியா மட்டும் காத்து வரும், இடுக்குல எல்லாம் தூசி நுழையாது.

டப்பால போட்டிருக்கிற டெசிபெல், காத்து அளவு ரெண்டையும் வச்சு முடிவு பண்ணாதீங்க. அந்த காத்து அளவு முன்னாடி எந்த தடையும் இல்லாம திறந்த வெளில எடுத்தது. உங்க கேஸ்ல ஃபில்டர், தகட்டுல குத்துன ஓட்டை எல்லாம் இருக்கு, அங்க ஸ்டாட்டிக் பிரஷர் (தடைய மீறி காத்த தள்ளுற பலம்) நல்லா இருக்கிற ஃபேன் தான் காத்த இழுக்கும். அதே மாதிரி, பிளேடுக்கு ரொம்ப ஒட்டி அடைச்ச கிரில் இருந்தா எவ்வளவு நல்ல ஃபேனும் ஊளை விடும். பேரிங்ல ஸ்லீவ் டைப் விலை கம்மி, ஆனா மேல் தகட்டுல படுக்கை வாட்டத்துல மாட்டுனா சீக்கிரம் தேயும், அங்கல்லாம் ஃப்ளூயிட் டைனமிக் பேரிங் போடுங்க. ஸ்க்ரூவ வெறி புடிச்சு முறுக்காதீங்க, பிளாஸ்டிக் ஃப்ரேம் வளையும், அதிர்வும் நேரா தகட்டுக்கு போகும். ரப்பர் பின் கூடவே கொடுத்திருந்தா அதையே போடுங்க.

பழைய ஃபேன உயிர் கொடுத்து எழுப்ப பாக்குறவங்க டபிள்யூடி-40 அடிக்காதீங்க, அது இருக்கிற கிரீஸயும் கரைச்சு விட்டுடும், கொஞ்ச நாள்ல முன்னவிட மோசமா அரைக்கும். ஸ்லீவ் பேரிங்குன்னா தையல் மிஷின் ஆயில் ஒரு சொட்டு போதும். தூசி ஊதும்போது பிளேட விரலால பிடிச்சுக்கிட்டு ஊதுங்க, பிளோயர் காத்துல கன்னாபின்னான்னு சுத்துனா பேரிங் கெடும். பவர் சப்ளை உள்ள இருக்கிற ஃபேன் கத்துனா அத திறந்து பாக்குற ஆசை வேண்டவே வேண்டாம், பிளக்க புடுங்குன பிறகும் உள்ள கெப்பாசிட்டர்ல உயிருக்கே ஆபத்தான சார்ஜ் நிக்கும். வாரண்டில கொடுங்க, இல்ல முழுசா மாத்துங்க.

மாட்டி முடிச்சதும் கேஸ திறந்து வச்சே டெஸ்ட் பண்ணாதீங்க, பக்க தகட்ட மூடிட்டு அரை மணி நேரம் கனமான கேம் ஓட்டி சிபியூ, கிராஃபிக்ஸ் கார்டு, எஸ்எஸ்டி மூணோட டெம்பரேச்சரையும் பாருங்க. ஒரு குறிப்பிட்ட ஆர்பிஎம்ல மட்டும் தகடு ரீங்காரம் போடுதுன்னா ஃபேன குறை சொல்லாம, ஃபேன் கர்வ்ல (எந்த சூட்டுக்கு எவ்வளவு ஸ்பீடுன்னு வைக்கிற கோடு) அந்த ஸ்பீடுல நிக்காம அதுக்கு நூறு ஆர்பிஎம் கீழயோ மேலயோ நிக்குற மாதிரி புள்ளிய நகத்தி வைங்க.