மனசு சோர்வா கெடந்தா வயித்தையும் கொஞ்சம் கவனிங்க

திருப்பூர், சோமனூர் பக்கம் பனியன் கம்பெனி, தறின்னு நைட் ஷிப்ட் ஓட்டற நம்ம சனங்களுக்குத்தானுங்க இத எழுதறேன். டென்ஷன் மாசக்கணக்குல ஓயாம இருந்தா டென்ஷன்ல சுரக்கற கார்டிசோல் ஹார்மோன் தாறுமாறாகிருது, உடம்போட எதிர்ப்பு சக்தியும் சும்மா இல்லாம சைட்டோகைன்னு அழற்சிய (உடம்புக்குள்ள வர்ற வீக்கம், புண்ணு மாதிரி) தூண்டற ஒண்ண சுரந்துட்டே இருக்கும், அது மூளைய எட்டறப்ப தூக்கம் கெடும், பசி, ஆர்வம் கொறையும், காய்ச்சல்ல படுத்தா யாரு கூடவும் பேசப் புடிக்காதே அந்த மாதிரி. டென்ஷன் குடல்ல இருக்கற நல்ல பாக்டீரியாவையும் கெடுக்குது, குடல்சுவரு பலவீனமானா அழற்சி இன்னும் ஏறும்.

அதனால மொதல்ல நார்ச்சத்த கூட்டுங்க. கம்பு, ராயி, கொள்ளு, தட்டப்பயிறு, கீரை இதெல்லாம் நம்மூர்லயே கெடைக்குது, நல்ல பாக்டீரியாவுக்குத் தீனியே இதுதான். பழக்கமில்லாதவங்க கொஞ்சங்கொஞ்சமா கூட்டுங்க, இல்லாட்டி வயிறு உப்பிக்கும். கூட தயிரோ மோரோ தெனமும் சேத்துக்கங்க. பேக்கரி ஐட்டம், பாக்கெட் சிப்ஸ கொறைங்க. 2017ல ஆஸ்திரேலியாவுல டிப்ரஷன் இருந்த 67 பேர வெச்சு ஒரு ஆய்வு நடந்துச்சு, 12 வாரம் நல்ல சாப்பாட்டுக்கு மாறுன குரூப்புல சுமார் 32 சதவீதம் பேருக்கு டிப்ரஷன் தணிஞ்சுது, சாப்பாட்ட மாத்தாத இன்னொரு குரூப்புல 8 சதவீதந்தான், சின்ன ஆய்வுதான் ஆனா எனக்கு இது பெரிய நம்பிக்கைங்க.

ஷிப்ட் முடிஞ்சு வந்தா ஜன்னல மூடி ஒரே நேரத்துல தூங்கப் பாருங்க, சாயந்திரம் வெய்யத்தாழ நடங்க.

மாத்திரை சாப்படறவங்க தயவுசெஞ்சு டாக்டர கேக்காம நிறுத்தாதீங்க, சாப்பாடு அதுக்குத் துணைதான், பதில் கெடையாது. ரெண்டு வாரத்துக்கு மேல சோர்வு விடலீனா டாக்டர பாருங்க, சாகணும்னு நெனப்பு வந்தா அப்பவே 14416க்குப் போன் போடுங்க, அது டெலி மானஸ்ங்கற அரசாங்க மனநல உதவி லைன், காசில்ல, தமிழ்லயே பேசலாமுங்க.